மூளைக்கட்டியிலிருந்து மீண்ட பிள்ளைக்குக் கண் பரிசோதனை: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"ஸ்கேன் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டாங்க. கண்ணும் 6/6. அப்புறம் ஏங்க இவன் வாசப்படியில தடுக்கித் தடுக்கி விழறான்?"

மூளைக்கட்டிக்கு எல்லாச் சிகிச்சையும் முடிந்து சில வருஷம் கழித்து வரும் பெற்றோர் இப்படித்தான் கேட்கிறார்கள். 6/6 என்பது பார்வையின் நட்டநடுவில் இருக்கும் சின்னஞ்சிறு பகுதியின் கூர்மைக்குக் கிடைத்த மதிப்பெண். அந்த நடுப்பகுதி பிழைத்துக்கொண்டால், சுற்றியுள்ள பரப்பில் பாதி போயிருந்தாலும் பிள்ளை கடைசி வரி வரை படித்துவிடும். ஸ்கேனும் கட்டி இருக்கிறதா இல்லையா என்று சொல்லுமே தவிர, பிள்ளைக்கு என்ன தெரிகிறது என்று சொல்லாது.

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். மருத்துவர் பார்ப்பதற்கு முன் பிள்ளையை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது என் வேலை. அந்த நாற்காலியின் இந்தப் பக்கத்திலிருந்து, பெற்றோர் என்ன கேட்க வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும், எதை விட்டுவிடக் கூடாது என்பதை வரிசையாக எழுதுகிறேன். பிள்ளையாக இருந்தபோது சிகிச்சை எடுத்து இப்போது வளர்ந்துவிட்டவர்களுக்கும் இதே வரிசைதான்.

பாதிப்பு ஏன் இவ்வளவு காலம் கழித்து வருகிறது?

பார்வை நரம்பிலேயே வளரும் கிளையோமா, இரண்டு கண்ணின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்தை மேலிருந்து அழுத்தும் கிரேனியோஃபாரிஞ்சியோமா ஆகிய கட்டிகள் நேராகவே பார்வையில் கை வைக்கும். பின்மூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா கண் நரம்பிலிருந்து தூரத்தில் இருக்கிறது. ஆனால் அது மூளைநீர் வடியும் வழியை அடைத்துவிடும். தலைக்குள் அழுத்தம் ஏறி, கண்ணுக்குள் தெரியும் நரம்பின் முனை வீங்கும். வீக்கம் நீடித்தால் நரம்பிழைகள் அழியும். ஆபரேஷன் முடிந்து வீக்கம் வடிந்த பிறகுதான் நரம்பு வெளிறிக் கிடப்பது தெரியவரும்.

நெதர்லாந்தில், புதிதாக மூளைக்கட்டி கண்டுபிடிக்கப்பட்ட 170 பிள்ளைகளையும் இளைஞர்களையும் பரிசோதித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் நான்கு பேருக்குக் கண்ணில் ஏதோ ஒரு கோளாறு இருந்தது. கண்ணைப் பற்றிப் புகாரே சொல்லாத பிள்ளைகளும் அதில் உண்டு.

இது கட்டியால் வந்தது. சிகிச்சையால் வருவது இன்னும் தாமதமாக வரும். நம் ஊரில் "கரண்ட் வைப்பது" என்று சொல்லும் கதிர்வீச்சில், மெடுல்லோபிளாஸ்டோமா பிள்ளைக்கு மூளை, தண்டுவடம் முழுவதற்கும் பொதுவாக 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது 36 கிரே, கட்டி இருந்த இடத்துக்கு மொத்தம் 54 கிரே வரை போகும். எவ்வளவு மறைத்தாலும் கண் லென்ஸுக்கும் கொஞ்சம் சிதறும். அரை கிரே அளவே பிற்காலத்தில் கண்புரைக்குக் காரணமாகலாம் என்று சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011-இல் அறிவித்தது. புரை விழப் பல வருஷம் ஆகும். பார்வை நரம்புக்குப் போன அளவு 55 கிரேயை நெருங்கினாலோ தாண்டினாலோ, வலியே இல்லாமல் பார்வை சட்டென்று இறங்கும் அபாயம் உண்டு. இது பெரும்பாலும் முதல் மூன்று வருஷத்துக்குள் நடக்கும். மாதக்கணக்கில் எடுத்த ஸ்டீராய்டு தன் பங்குக்குப் புரையையும் கண் அழுத்தத்தையும் கொண்டுவரும்.

அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் சிகிச்சை பெற்று மீண்ட 1,607 பேரை அவர்களின் உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2003-இல் வந்தது. கண்புரை சுமார் 12 மடங்கு, இரட்டைப் பார்வை சுமார் 9 மடங்கு, ஒரு கண்ணிலாவது சட்டப்படி பார்வையின்மை என்ற நிலை சுமார் 15 மடங்கு அதிகம். இவர்கள் 1970-க்கும் 1986-க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டவர்கள். அன்றைய கதிர்வீச்சு முறை வேறு, இன்றைய முறை வேறு. எண்களை அப்படியே உங்கள் பிள்ளைமேல் ஏற்றிப் பார்க்க வேண்டாம். எந்தெந்தப் பாதிப்புக்குக் கதவு திறந்திருக்கிறது என்பதற்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரே பக்கத்தில் பிள்ளையின் கதை

பெரும்பாலான பெற்றோர் கனமான ஃபைலோடு வருகிறார்கள். அதில் எங்களுக்குத் தேவையான தாள் மட்டும் இருக்காது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கட்டுக்கட்டாக இருக்கும். கதிர்வீச்சு எவ்வளவு போனது என்ற தாள் இருக்காது.

நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டியின் பெயர், இருந்த இடம், கண்டுபிடித்த மாதம். ஆபரேஷன் தேதிகள். மூளைநீரை வடிக்கும் ஷன்ட் குழாய் வைத்திருந்தால் எப்போது, பிறகு மாற்றினார்களா. கதிர்வீச்சின் மொத்த அளவு, எத்தனை நாள், முடிந்த தேதி. வின்கிறிஸ்டின், சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளின் பெயர். ஸ்டீராய்டு எத்தனை மாதம். வலிப்பு மருந்து உண்டா. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் போன்ற பரம்பரைக் கோளாறு உண்டா. கடைசி வரியில், சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கண் பார்த்த தேதிகளும் முடிவுகளும்.

கதிர்வீச்சுப் பிரிவில் கேட்கும்போது "சிகிச்சைச் சுருக்கம்" என்று மட்டும் கேட்காதீர்கள். "லென்ஸுக்கும், பார்வை நரம்புக்கும், நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கும் எத்தனை கிரே போனது என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். திட்டமிடும் கணினியில் அந்தக் கணக்கு இருக்கும். பழைய ஃபைல் கிடைப்பது கஷ்டம் என்றால், பதிவு எண்ணைக் கொடுத்து எழுத்து மூலமாகக் கேளுங்கள். பிள்ளை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வர வேண்டும் என்பதே இந்த எண்ணைப் பொறுத்துத்தான்.

படி 2: எங்கே போவது, எப்படித் தயாராவது

கண்ணாடிக் கடையில் பார்த்தது இந்தக் கணக்கில் சேராது. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் நரம்பியல் சார்ந்த கண் பிரிவே தனியாக இருக்கிறது. வருஷா வருஷம் அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள், பக்கத்து நகரத்தில் குழந்தைகள் கண் மருத்துவர் இருக்கிறாரா, பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு மெஷினும், விழித்திரையின் நரம்பிழை அடுக்கை அளக்கும் ஓசிடி மெஷினும் இருக்கின்றனவா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். முக்கியமானது, ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி மெஷினில் எடுப்பது. இடம் மாறினால் ஒப்பீடு போய்விடும்.

காலை நேரம் வாங்குங்கள். கதிர்வீச்சு எடுத்த பிள்ளைகள் சீக்கிரம் களைத்துப்போவார்கள். மதியம் மூன்று மணிக்கு எடுத்த ஃபீல்டு டெஸ்டை நான் பாதிதான் நம்புவேன். ஹைட்ரோகார்ட்டிசோன், தைராய்டு மாத்திரை போன்றவற்றை வழக்கமான நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். "ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து தரலாம்" என்று தள்ளக் கூடாது. பிட்யூட்டரி பாதிப்பால் அடிக்கடி தண்ணீர் குடித்துச் சிறுநீர் கழிக்கும் பிள்ளை என்றால், முன்கூட்டியே சொல்லுங்கள். இடையில் எழுந்து போக விடுவோம்.

சிஸ்பிளாட்டின் எடுத்த பிள்ளைகளில் பலருக்குக் காது கொஞ்சம் மந்தம். இருட்டு அறையில் நாங்கள் சொல்வது காதில் விழாமல், தப்புத் தப்பாகப் பதில் சொல்வார்கள். அது பார்வைக் கோளாறு என்று பதிவாகிவிடும். அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டால், விளக்கை அணைக்கும் முன் முகத்துக்கு நேராக நின்று ஒருமுறை விளக்கிவிடுவோம்.

படி 3: சொட்டு மருந்து கடைசியில்தான்

கூட்டம் அதிகமுள்ள ஓ.பி.யில் உட்கார்ந்த கையோடு கண்மணியை விரிய வைக்கும் சொட்டு மருந்தை ஊற்றிவிடுவார்கள். சாதாரணக் கண்ணாடிப் பரிசோதனைக்கு அது சரி. உங்கள் பிள்ளைக்கு அது சரிப்படாது. கண்மணி விரிந்துவிட்டால் அது வெளிச்சத்துக்குச் சுருங்கும் விதம் தெரியாது. கிட்டத்தில் இருப்பது மங்கும். நிறம், ஃபீல்டு, ஆழப் பார்வை எதையும் நம்பி எடுக்க முடியாது. "மூளைக்கட்டி ஆபரேஷன் ஆன பிள்ளை, மத்த டெஸ்ட் எல்லாம் முடிஞ்சப்புறம் மருந்து போடுங்க" என்று நர்ஸிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

மருந்து போட்ட பிறகு எத்தனை மணிக்கு, எந்த மருந்து என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அன்று இரவு பிள்ளைக்குத் தலைவலி வாந்தி வந்து அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், விரிந்த கண்மணியைப் பார்த்து அங்கிருக்கும் மருத்துவர் வேறு முடிவுக்குப் போய்விடக் கூடாது.

படி 4: கூர்மை

பேச்சு வராத சின்னப் பிள்ளைக்குக் கோடு போட்ட அட்டைகளைக் காட்டி, கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்போம். மூன்று வயதுக்கு மேல் லீ சித்திரங்கள்: ஆப்பிள், வீடு, சதுரம், வட்டம். பின்லாந்துக் கண் மருத்துவர் லீ ஹைவாரினன் 1976-இல் உருவாக்கியது. எழுத்து தெரிந்த பிள்ளைக்கு ஒவ்வொரு வரியிலும் ஐந்து எழுத்து இருக்கும் லாக்மார் சார்ட். ஒவ்வோர் எழுத்துக்கும் மதிப்பு இருப்பதால் சின்ன இறக்கமும் எண்ணில் தெரியும். அதனால் 6/9, 6/12 என்று மட்டும் எழுதும் பழைய போர்டைவிட இதையே கேளுங்கள். ஒரே முறையில் எடுத்த இரண்டு பரிசோதனைகளுக்கு இடையே இரண்டு வரி இறங்கியிருந்தால், "களைப்பா இருக்கும்" என்று விடக் கூடாது. சில நாளில் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு நுணுக்கம் உண்டு. கண் தானாக ஆடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒரு கண்ணை அட்டையால் மூடினால் ஆட்டம் கூடிவிடும். பார்வை இருப்பதைவிட மோசமாகப் பதிவாகும். மூடுவதற்குப் பதில் மங்கலான லென்ஸ் வைத்து எடுக்க வேண்டும். இரண்டு கண்ணும் திறந்து ஒருமுறை எடுக்க வேண்டும். தலையை ஒரு பக்கம் திருப்பிப் பார்த்தால் அதைத் திருத்தாதீர்கள். அந்தக் கோணத்தில்தான் ஆட்டம் குறைகிறது. இரண்டாவது, தனி எழுத்தாகக் காட்டினால் படித்துவிட்டு, வரிசையாகக் காட்டினால் திணறும் பிள்ளைகள். அவர்களுக்குக் கோளாறு கண்ணில் அல்ல, மூளை பிரித்தறிவதில் இருக்கலாம். இரண்டு விதமாகவும் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

எழுத்தின் கறுப்பு வெளிறிக்கொண்டே போகும் சார்ட் ஒன்றும் உண்டு. நரம்பு வெளிறிய பிள்ளைகள் 6/6 படித்தும் அதில் தோற்பார்கள். மங்கலான சாயங்கால வெளிச்சத்தில் படி தெரியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்மணி, நிறம் இரண்டும் சுருக்கமான வேலை. டார்ச்சை ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாற்றி மாற்றி அடிக்கும்போது, ஒரு பக்கம் சுருங்குவதற்குப் பதில் விரிந்தால் அந்த நரம்பு பலவீனம். ஒரு நிமிஷம்கூட ஆகாது. இதைப் பதிவு செய்யாத ரிப்போர்ட் முழுமையான ரிப்போர்ட் அல்ல. நிறத்துக்கு வழக்கமாக வைக்கும் புள்ளிப் புத்தகம் பிறவி நிறக்குருடுக்காகச் செய்தது. அதில் தேறினாலும், ஒரு சிவப்பு மூடியை ஒவ்வொரு கண்ணுக்கும் காட்டி "எதுல சிவப்பு பளிச்சுன்னு இருக்கு?" என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

படி 5: பார்வைப் பரப்பு, அதாவது ஃபீல்டு டெஸ்ட்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அதிகம் விட்டுப்போவதும் இதுதான்.

நரம்புகள் குறுக்கே கடக்கும் இடம் பாதிக்கப்பட்டால் இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வை போகும். கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி. அதற்குப் பின்னால் பாதிப்பு என்றால் இரண்டு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி போகும். பிறந்ததிலிருந்தோ சின்ன வயதிலோ போனால் பிள்ளைக்குப் போனதே தெரியாது. "இந்தப் பக்கம் கறுப்பா இருக்கு" என்று எந்தப் பிள்ளையும் சொல்வதில்லை. அங்கே எதுவும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கும்.

ஐந்து வயதுப் பிள்ளையை நான் சோதிப்பது இப்படி. எதிரே ஒரு மீட்டர் தள்ளி, அவன் உயரத்துக்கு உட்காருவேன். அவன் இடது கண்ணை அம்மா உள்ளங்கையால் மூடுவார். நான் என் வலது கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது என் பரப்பும் அவன் பரப்பும் ஒன்றுக்கொன்று நேர். என் பரப்புதான் அளவுகோல். "என் மூக்கையே பாரு தம்பி. விரலைப் பார்க்கக் கூடாது. எத்தனை?" மேலே வலது, மேலே இடது, கீழே வலது, கீழே இடது. ஒன்று, இரண்டு, ஐந்து மட்டும் காட்டுவேன். மூன்றும் நான்கும் குழப்பும். கண்ணை நகர்த்தித் திருட்டுத்தனம் செய்வான். செய்தால் அந்தக் கணக்கு செல்லாது, மறுபடி. அப்புறம் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் நீட்டி "மொத்தம் எத்தனை?" தனித்தனியாகக் காட்டியபோது இரண்டு பக்கமும் சரியாகச் சொன்னவன், சேர்த்துக் காட்டும்போது ஒரு பக்கத்தை மட்டும் எண்ணினால், அது கண் தெரியாததால் அல்ல. மூளை அந்தப் பக்கத்தைக் கவனிக்க மறுக்கிறது என்று பொருள். கடைசியில் அதே சிவப்பு மூடி, இரண்டு. நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. ஒன்று மங்கிய பழுப்பாகத் தெரிகிறது என்றால், எண்ணிக்கையில் சிக்காத தொடக்கநிலைப் பாதிப்பு அங்கே சிக்கிவிடும்.

அதைவிடச் சின்னப் பிள்ளை என்றால், முன்னால் ஒருவர் பொம்மையை ஆட்டி வேடிக்கை காட்ட, பின்னாலிருந்து இன்னொருவர் சத்தமில்லாமல் மற்றொரு பொம்மையை ஓரத்திலிருந்து உள்ளே கொண்டுவருவார். பிள்ளையின் தலை எந்தப் பக்கம் சட்டென்று திரும்புகிறது, எந்தப் பக்கம் திரும்பவில்லை என்று பார்த்தாலே போதும்.

ஏழெட்டு வயதுக்கு மேல் மெஷின். குவளை மாதிரியான திரைக்குள் முகத்தை வைத்து, புள்ளி மினுக்கும்போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். ஹம்ஃப்ரி மெஷினில் 24-2 அல்லது 30-2 என்ற முறையில் எடுப்பார்கள். அவ்வளவு நேரம் அசையாமல் உட்கார முடியாத பிள்ளைக்கு, ஆள் இயக்கும் கோல்ட்மேன் வகை மெஷின் கிடைத்தால் அதுவே மேல். நடுவில் நிறுத்திப் பேசலாம், கெஞ்சலாம், மறுபடி தொடங்கலாம். முதல் தடவை எடுத்ததைப் பழக்கமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். அச்சான தாளின் மேல்பகுதியில் பிள்ளை எத்தனை முறை கண்ணை நகர்த்தினான், புள்ளி இல்லாதபோது எத்தனை முறை அமுக்கினான் என்ற எண்கள் இருக்கும். கண் நகர்ந்தது 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் தாளை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். கறுப்புப் பகுதி செங்குத்தான நடுக்கோட்டில் வெட்டியது மாதிரி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் பிரச்சினை மூளைப் பாதையில். களைப்பால் வரும் கறுப்பு அப்படிக் கோடு பார்த்து நிற்பதில்லை.

தாள்களைத் தூக்கிப்போடாதீர்கள். வெயிலில் வைத்தால் வெளுத்துப்போகும் தாளில் அச்சடித்துத் தரும் இடங்களும் உண்டு. அன்றைக்கே போனில் படம் எடுத்துவையுங்கள்.

படி 6: கண் அசைவு, இமை, கருவிழி

தலைக்குள் அழுத்தம் ஏறும்போது கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு தளர்ந்து, கண் மூக்குப் பக்கம் சாயும். பின்மூளை ஆபரேஷனுக்குப் பிறகு நான்காவது நரம்பு தளர்ந்தால் பிள்ளை தலையைச் சாய்த்தே வைத்திருக்கும்; கழுத்து வலி என்று எலும்பு மருத்துவரிடம் சுற்றியவர்கள் உண்டு. பழைய பிறந்தநாள் படங்களை எடுத்து வாருங்கள், சாய்வு எப்போது தொடங்கியது என்று அதிலேயே தெரியும். சின்னப் பிள்ளைகள் "ரெண்டு ரெண்டா தெரியுது" என்று சொல்வதில்லை. மூளை ஒரு கண்ணின் படத்தைத் தள்ளிவிடும்; தள்ளப்பட்ட கண் சோம்பேறிக் கண்ணாகும். நல்ல கண்ணைப் பட்டை போட்டு மூடிப் பயிற்சி கொடுப்பது சிறு வயதில்தான் நன்றாகப் பலிக்கும்.

முக நரம்பு தளர்ந்து இமை முழுசாக மூடாத பிள்ளைக்கு, இரவு தூங்கும்போது கண் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்து வாருங்கள். அதோடு கருவிழியில் உணர்ச்சியும் குறைந்திருந்தால் இரட்டை ஆபத்து: புண் வந்தாலும் வலிக்காது. பஞ்சு நுனியால் தொட்டுப் பார்க்கும் சோதனையை, மரத்துப்போகும் சொட்டு மருந்துக்கு முன் செய்ய வேண்டும்.

படி 7: மருந்து போட்ட பிறகு

கண்ணாடிப் பவர், கண் அழுத்தம், லென்ஸின் பின்பக்கம் புரை தொடங்கியிருக்கிறதா, விழித்திரை ரத்தக்குழாய்கள், நரம்பின் நிறம். இவையெல்லாம் மருத்துவர் வழக்கமாகப் பார்ப்பவைதான்.

ஓசிடி மட்டும் கொஞ்சம் விளக்கம் கேட்கும். இது விழித்திரையின் நரம்பிழை அடுக்கின் தடிமனை மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளக்கிறது. வலியில்லை, சில விநாடி வேலை. ஃபீல்டு டெஸ்டுக்கு ஒத்துழைக்காத பிள்ளைக்கு இதுதான் பெரிய துணை. ஆரோக்கியமான பிள்ளைக்குச் சராசரி 100 மைக்ரான் அளவில் இருக்கும். அடுத்தடுத்த பரிசோதனையில் பத்து சதவீதம் குறைந்திருந்தால் காரணம் தேட வேண்டும். ஆனால் இரண்டு இடத்தில் ஓசிடி ஏமாற்றும். நரம்பு வீங்கியிருந்தால் எண் அதிகமாகக் காட்டி, உள்ளே நடக்கும் அழிவை மறைக்கும். ஏற்கெனவே 50 மைக்ரான் பக்கம் வந்துவிட்ட நரம்பு, பார்வை மேலும் போனாலும் எண்ணில் இறங்காது. அப்போது "ஓசிடி அப்படியே இருக்கு" என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. கூர்மையும் ஃபீல்டும்தான் பேச வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, ஷன்ட் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. வெளிறிப்போன நரம்பு மறுபடி வீங்காது. ஷன்ட் அடைத்து அழுத்தம் ஏறினாலும் கண்ணுக்குள் வீக்கம் தெரியாமல் இருக்கலாம். "நரம்பு வீங்கலை, அதனால ஷன்ட் நல்லா இருக்கு" என்று யாராவது சொன்னால், நரம்பு ஏற்கெனவே வெளிறியது என்பதை நினைவூட்டுங்கள்.

படி 8: பார்வையை எப்படிப் பயன்படுத்துகிறான்?

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் பிள்ளை தடுமாறலாம். பார்த்ததைப் புரிந்துகொள்ளும் மூளைப் பகுதி பாதித்திருந்தால் அப்படித்தான். ஸ்காட்லாந்தில் கண் மருத்துவர் கார்டன் டட்டன் குழுவினர் இதற்கு ஐந்து கேள்விகளைப் பரிந்துரைத்தார்கள். படி இறங்கத் திணறுகிறானா? வேகமாக ஓடும் பூனை, நாய்க்குட்டியைப் பார்க்கச் சிரமப்படுகிறானா? தூரத்தில் கைகாட்டும் பொருள் தெரியவில்லையா? துணிக் குவியலில் தன் சட்டையைத் தேடி எடுக்க முடியவில்லையா? போர்டைப் பார்த்து எழுத ரொம்ப நேரம் ஆகிறதா? ஒரு வாரம் கவனித்து, பதிலை எழுதிக்கொண்டு வாருங்கள். மருத்துவர் முன்னால் யோசித்துச் சொல்வது வேறு மாதிரி இருக்கும்.

தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ஒரு பத்தியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நம் எழுத்தில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம். 'கொடி' என்பதைக் 'காடி' என்று படிக்கிறானா, 'கெடி' என்று படிக்கிறானா? சொல்லின் தொடக்கத்தைத் தொலைக்கிறானா, 'வந்தார்கள்' என்பதை 'வந்தார்' என்று முடித்துவிடுகிறானா? ஒருமுறை தடுமாறுவது எல்லாப் பிள்ளையும் செய்வது. எப்போதும் ஒரே பக்கத்தில் விட்டால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இடப்பாதி போன பிள்ளை அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடும். வலப்பாதி போன பிள்ளை அடுத்து வரும் சொல் தெரியாமல் மெதுவாகப் படிக்கும். ஆசிரியர் கண்ணில் இரண்டுமே "படிப்பில் மந்தம்".

படி 9: எத்தனை நாளுக்கு ஒருமுறை? இடையில் வீட்டில் என்ன?

சிகிச்சை முடிந்த தொடக்கத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம், பிறகு வருஷத்துக்கு ஒருமுறை என்பதுதான் பொதுவான போக்கு. பார்வை நரம்புக் கட்டி இன்னும் மிச்சமிருக்கும் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைகூட இருக்கலாம். அமெரிக்கக் குழந்தைகள் புற்றுநோய்க் குழுவின் நீண்டகாலக் கண்காணிப்பு வழிமுறை, 30 கிரே அல்லது அதற்கு மேல் பெற்றவர்களுக்கு ஆண்டுதோறும், அதற்குக் குறைவானவர்களுக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை கண் பரிசோதனை சொல்கிறது. இதற்கு முடிவு வயது கிடையாது. பதினெட்டு வயதில் குழந்தைகள் பிரிவிலிருந்து விடுவிக்கும்போதுதான் பலர் காணாமல் போகிறார்கள். அடுத்து யாரிடம் போவது என்று அப்போதே எழுதி வாங்குங்கள்.

வீட்டில் மாதம் ஒருமுறை, சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். பெரிய தேதி முதல் பொடி எழுத்து ராசிபலன் வரை எல்லா அளவிலும் எழுத்து இருக்கிறது. தினமும் தாள் மாறுவதால் மனப்பாடம் பண்ணவும் முடியாது. தரையில் ஒரு கோடு போட்டு, கண்ணாடி போடுகிற பிள்ளை என்றால் கண்ணாடியோடு, அதே வெளிச்சத்தில், ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லுங்கள். எந்த அளவு எழுத்து வரை என்று குறித்துவையுங்கள். விரலால் மூடினால் இடுக்கில் பார்ப்பார்கள். உள்ளங்கையால் மூட வேண்டும்.

ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்கக் கூடாதவை: பார்வை சட்டென்று இறங்குவது, புதிதாக இரட்டைப் பார்வை அல்லது மாறுகண், குனிந்து நிமிரும்போது சில விநாடி கண் இருட்டுவது, காலைத் தலைவலியோடு வாந்தி, கண்ணை மேல்நோக்கித் திருப்ப முடியாமல் போவது, உணர்ச்சி குறைந்த கண் சிவப்பது. கண் சிவந்தால் அன்றே கண் மருத்துவர். மற்றவற்றுக்கு அன்றே நரம்பியல் அறுவை சிகிச்சை வசதியுள்ள அவசரப் பிரிவு. கண்ணாடிக் கடையில் பவர் மாற்றிப் பார்த்து ஒரு வாரம் கடத்தாதீர்கள்.

படி 10: முடிவை வைத்து என்ன செய்வது

பள்ளியில் முதல் வேலை இருக்கை. இடப்பாதி தெரியாத பிள்ளையை வகுப்பின் இடப்பக்கம் உட்கார வைத்தால் போர்டும் ஆசிரியரும் தெரியும் பக்கத்தில் வருவார்கள். வலப்பாதி தெரியாவிட்டால் வலப்பக்கம். "கண் தெரியலையா, முன் பெஞ்சுல உக்காரு" என்பது எல்லோருக்கும் மருந்தல்ல. முன் பெஞ்சின் தப்பான மூலை பின் பெஞ்சைவிட மோசம்.

சான்றிதழ் விஷயத்தில், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 கூர்மையை மட்டும் பார்ப்பதில்லை. கண்ணாடி போட்ட பிறகும் நல்ல கண்ணில் 6/18-க்குக் கீழ், அல்லது பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் கீழ் என்றால் குறை பார்வை என்ற வரையறைக்குள் வரும். முகாமுக்குப் போகும்போது ஃபீல்டு தாள் கையில் இல்லாவிட்டால் போர்டை மட்டும் படிக்க வைத்து அனுப்பிவிடுவார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்து யோசிப்பது தாமதம்.

வண்டி. இது பதினாறு வயதில் வீட்டுக்குள் வரும் சண்டை. 6/6 படிக்கிறான் என்று சாவியைக் கொடுக்கும் முன், இரண்டு கண்ணும் திறந்த நிலையில் எடுக்கும் எஸ்டர்மேன் ஃபீல்டு டெஸ்டைக் கேளுங்கள். அதில் 120 புள்ளிகள் இருக்கும். சாலையில் எந்தப் பக்கம் தெரியாது என்பது தாளில் வந்துவிடும். பிரிட்டனில் உரிமம் பெற, அகலவாக்கில் குறைந்தது 120 பாகை, இரண்டு பக்கமும் குறைந்தது 50 பாகை தெரிய வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஒரு பாதி முழுசாகப் போன பிள்ளை இதைத் தாண்டுவது கடினம். நம் சாலைகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே நேரத்தில் வண்டி நுழைகிறது. அதைவிடத் தளர்ந்த அளவுகோல் இங்கே எப்படிப் பொருந்தும் என்று எனக்குத் தெரியவில்லை. மருத்துவரே நேராகப் பிள்ளையிடம் பேசட்டும், அந்தத் தாளை மேசையில் விரித்து வைத்து. அப்பா சொன்னால் கேட்காத விஷயத்தைத் தாள் சொன்னால் ஓரளவு கேட்பார்கள்.